பெரிய கம்பெனி ஸ்டோர்ஸில் நம் சரக்கு: வி.எம்.ஐ-க்குக் கையெழுத்துப் போடும் முன்

பர்ச்சேஸ் மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து உங்கள் பார்ட்டையும் வி.எம்.ஐ-யில் கொண்டுவருகிறோம், பேப்பர் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னாரா? வி.எம்.ஐ (வெண்டர் மேனேஜ்டு இன்வென்டரி) என்பது வாங்குபவரின் ஸ்டோர்ஸில் நம் சரக்கை நாமே நிரப்பிவரும் ஏற்பாடு. பேப்பர் வந்ததும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

ஓசூரில் போல்ட், நட், லேத்தில் கடையும் சின்னச் சின்ன டர்னிங் பார்ட்டுகள் செய்யும் சிறு யூனிட் எங்களுடையது. முதல் தடவை ஒரு பெரிய வாகனக் கம்பெனியுடன் வி.எம்.ஐ-க்குப் போனபோது படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். பணம் எங்கே மாட்டிக்கொண்டது என்று புரியவே ஒன்றரை வருடம் ஆனது. இரண்டாவது கம்பெனியிடம் போகும்போது கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனோம், இன்றுவரை அது நன்றாக ஓடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வி.எம்.ஐ என்றால் வேறொன்றும் இல்லை. வாங்குபவரின் ஸ்டோர்ஸில் நம் சரக்கு எப்போதும் இருக்க வேண்டும். குறையக் குறைய நிரப்புவது நம் வேலை. அவர்கள் தனியாக ஆர்டர் போட மாட்டார்கள். இந்தத் தொழிலில் வாங்குபவர்கள் சிலரே. இந்தியாவில் இரு சக்கர வாகனம் என்றால் ஹீரோ, ஹோண்டா, டி.வி.எஸ், பஜாஜ் ஆகிய நான்கு கம்பெனிகள்தான் பெரும்பகுதியை விற்கின்றன. கார், டிராக்டர் பக்கமும் கதை இதேதான். ஆகவே "எங்களுக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போக நமக்கு வழியில்லை. ஆனால் நிபந்தனைகளைப் பேசலாம். உங்கள் பார்ட் இல்லாமல் வண்டி பூட்டும் லைன் நின்றால் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய மேலதிகாரி இருக்கிறார்.

1. முதல் கேள்வி: நிரப்புவது மட்டுமா, சரக்கின் உடைமையும் நம்மிடமேவா?

இரண்டும் வேறு வேறு. வி.எம்.ஐ என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு வகையில், சரக்கு அவர்கள் ஸ்டோர்ஸில் இறங்கி ஜி.ஆர்.என் (சரக்கு வந்ததற்கான பதிவு) விழுந்ததும் அது அவர்களுடையது. எவ்வளவு, எப்போது அனுப்புவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்வோம். இது சிறு சப்ளையருக்கு நல்லது. லாரி திட்டம், உற்பத்தித் திட்டம் எல்லாம் நம் கையில் வரும்.

இன்னொரு வகையில், சரக்கு அவர்கள் கூரைக்குக் கீழே இருந்தாலும் எடுத்துப் பயன்படுத்தும்வரை நம்முடையது. இதை கன்சைன்மென்ட் ஸ்டாக் என்பார்கள். எடுத்த பிறகுதான் பில். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற தொல்லைகள் அநேகமாக எல்லாமே இந்த வகையில் வருபவை.

எந்த வகை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஸ்டாண்டர்டு சார்" என்ற பதில்தான் வரும்.

2. விலை பேசும் முன் கணக்குப் போடுங்கள்

மாதம் 30 லட்சம் ரூபாய்க்குச் சப்ளை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு சுமார் 1.15 லட்சம். அவர்கள் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 15 நாள் சரக்கு இருக்கச் சொல்கிறார்கள். சராசரியாக 11 நாள் சரக்கு அங்கே கிடக்கும்: சுமார் 12.7 லட்சம்.

இதோடு முடியவில்லை. அவர்கள் எடுத்ததற்கான பட்டியலை மாதக் கடைசியில்தான் தருவார்கள், அதற்குப் பிறகே நாம் பில் போட முடியும். 1-ஆம் தேதி எடுத்த போல்ட்டுக்கு 30-ஆம் தேதி பில். சராசரியாக அரை மாத விற்பனை, அதாவது 15 லட்சம், எடுத்தும் பில் ஆகாமல் நிற்கும். இரண்டையும் கூட்டினால் 27.7 லட்சம். இதற்குப் பிறகுதான் 45 நாள் கிரெடிட் ஓடவே ஆரம்பிக்கும்.

11 சதவீத வட்டியில் 27.7 லட்சத்துக்கு வருடம் சுமார் 3 லட்சம். அவர்கள் ஸ்டோர்ஸில் நம் ஆள் ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தால், மாதம் 18,000 என்றாலும் வருடம் 2.16 லட்சம். இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் 3.6 கோடி விற்பனையில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் போய்விடும். போல்ட் தொழிலில் ஒன்றரை சதவீதம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். விலையில் ஒன்றரை சதவீதம் ஏற்றித் தாருங்கள் என்றால் தர மாட்டார்கள். அதற்குப் பதில் வாரம் ஒரு முறை பில் கேளுங்கள். வார பில் என்றால் பில் ஆகாமல் நிற்கும் தொகை 15 லட்சத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கு இறங்கிவிடும். வாங்குபவருக்கு இதில் பெரிதாக இழப்பில்லை என்பதால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். எங்களுக்கு இரண்டாவது கம்பெனியில் கிடைத்தது இதுதான், விலை ஏற்றத்தைவிட இது எவ்வளவோ மேல்.

3. எந்த இடத்தில் சரக்கு அவர்களுடையதாகிறது?

இந்த ஒரு வரியைச் சரியாக எழுதாததால்தான் நாங்கள் அதிகம் இழந்தோம்.

இரண்டு வழி உண்டு. ஸ்டோர்ஸிலிருந்து பெட்டி வெளியே போய் லைனுக்கு இறங்கியதும் நம் கணக்கிலிருந்து கழிவது ஒன்று. வண்டி லைனை விட்டு வெளியே வந்த பிறகு, ஒரு வண்டிக்கு இத்தனை பார்ட் என்று கம்ப்யூட்டர் தானாகக் கழித்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைப் பேக்ஃப்ளஷ் என்பார்கள். அதில் லைனில் கீழே விழுந்தது, மரை கெட்டு வீசியது, ஆபரேட்டர் சட்டைப் பையில் தங்கியது எல்லாம் நம் தலையில்.

எங்களுக்கு வந்தது அதைவிடப் பெரிய சிக்கல். மூன்று மாதம் கழித்து ஸ்டாக் எண்ணியபோது ஒரே ஒரு போல்ட்டில் மட்டும் 38,000 குறைந்தது. "உங்கள் டிரைவர் குறைவாக இறக்கியிருப்பார்" என்றார்கள். டிரைவர் எங்களிடம் பன்னிரண்டு வருடமாக இருப்பவர். அவரைக் கேட்கவே எனக்கு மனம் வரவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு நாள் முழுதும் லைன் ஓரம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நின்றேன். ஆபரேட்டர் ஒவ்வொரு வண்டிக்கும் பெட்டியிலிருந்து எத்தனை போல்ட் எடுக்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு மாடலுக்கு நான்கு. அடுத்த மாடலுக்கு ஆறு. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டு மாடலுக்குமே நான்கு என்றுதான் இருந்தது. டிசைனில் இரண்டு போல்ட் கூட்டியிருக்கிறார்கள், பார்ட் பட்டியலில் யாரும் திருத்தவில்லை. மூன்று மாதத்தில் அந்த மாடல் ஏறத்தாழ 19,000 வண்டி போயிருந்தது. வண்டிக்கு இரண்டு என்றால் கணக்கு அப்படியே பொருந்தியது.

பட்டியலைத் திருத்தினார்கள். பழைய 38,000-க்குப் பாதிப் பணம்தான் வந்தது, எழுதி வைக்காததால் மீதியைக் கேட்க வழியில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி இருக்கட்டும்: பெட்டி ஸ்டோர்ஸ் வாசலைத் தாண்டியதும் முழுப் பெட்டியும் வாங்குபவருடையது. பேக்ஃப்ளஷ்தான் என்று பிடிவாதம் பிடித்தால், வண்டிக்கு எத்தனை பார்ட் என்ற பட்டியலை இணைப்பாகக் கேளுங்கள், மாதம் ஒரு முறை எண்ணி வித்தியாசத்தைச் சரிசெய்யும் வரியையும் சேருங்கள்.

4. மின், மேக்ஸ்: நீங்களே போடுங்கள்

குறைந்தபட்ச இருப்பு (மின்), அதிகபட்ச இருப்பு (மேக்ஸ்) இரண்டையும் அவர்கள் குத்துமதிப்பாக எல்லாப் பார்ட்டுக்கும் ஒரே நாள் கணக்கில் போட்டு அனுப்புவார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 4,000 போல்ட் ஓடுகிறது. செய்து, பிளேட்டிங் (உலோகப் பூச்சு) முடித்து, ஏற்றி, அங்கே இறக்க 3 நாள். பிளேட்டிங்காரர் தாமதம், மழை, கரண்ட் கட் இவற்றுக்கெல்லாம் 3 நாள். ஆக மின் 6 நாள், 24,000. வாரம் இரண்டு லாரி போகிறதென்றால் ஒவ்வொரு தடவையும் 3 நாள் சரக்கு, அதாவது 12,000. மேக்ஸ் 36,000. பெட்டிக்கு 500 என்றால் 72 பெட்டி. அந்த 72 பெட்டிக்கு ரேக்கில் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இடம் இல்லையென்றால் உங்கள் பெட்டி நடைபாதையில் கிடக்கும், ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும், ரிஜெக்ஷனும் உங்கள் கணக்கில்தான்.

மேக்ஸைத் தாண்டி ஒரு பெட்டிகூட அனுப்பாதீர்கள். மாதக் கடைசியில் நம் யூனிட்டில் இடமில்லை என்று அங்கே தள்ளிவிடத் தோன்றும். மேக்ஸுக்கு மேலே போன சரக்குக்கு எந்த ஒப்பந்தமும் பாதுகாப்புத் தராது.

இதற்குப் பதிலாக அவர்களிடமிருந்து நமக்குத் தகவல் வர வேண்டும். தினசரி இருப்பும் தினசரி எடுப்பும் அவர்கள் போர்ட்டலில் நாம் பார்க்கும்படி லாகின் கேளுங்கள். எந்த மாதம் எவ்வளவு வேண்டும் என்ற மூன்று மாத ஷெட்யூல் கேளுங்கள், அதில் முதல் மாதம் உறுதி, மற்ற இரண்டு உத்தேசம் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். இந்தத் தகவல் இல்லாத வி.எம்.ஐ-யில் கிடங்குச் செலவு மட்டும்தான் நம் பக்கம் மாறும். தகவல் வந்தால் உண்மையிலேயே பலன் உண்டு. இரண்டாவது கம்பெனியின் எடுப்பைத் தினமும் பார்க்க ஆரம்பித்த பிறகு எங்கள் யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஏறக்குறைய நின்றே போனது.

5. ஒப்பந்தத்தில் பென்சிலால் வட்டம் போட வேண்டிய இடங்கள்

டிசைன் மாறினால் யாருடைய நஷ்டம்? 2020 ஏப்ரல் 1-ல் வாகனப் புகை விதி பி.எஸ்.4 போய் பி.எஸ்.6 வந்தபோது சைலன்சர் பக்கப் பார்ட்டுகள் பல ஒரே இரவில் பயனற்றுப் போயின. எங்கள் பிராக்கெட் இரண்டு வகை அவர்கள் ஸ்டோர்ஸிலேயே கிடந்தது. எங்கள் சரக்கு என்பதால் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள். இரும்புக் கடைக்குத்தான் போனது. மேக்ஸ் அளவுவரை அங்கே இருக்கும் சரக்கு, உறுதி ஷெட்யூலுக்காக நம் யூனிட்டில் செய்து வைத்தது, அதற்கென்று வாங்கிய கம்பி ஆகிய மூன்றையும் டிசைன் மாறினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ 30 நாளில் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதை நீக்கிவிடுவார்கள். முதல் இரண்டையும் விடாதீர்கள்.

எடுக்காமலே கிடந்தால்? 60 அல்லது 90 நாளுக்கு மேல் ஒரு பெட்டி அசையாமல் இருந்தால் அது எடுத்ததாகக் கருதிப் பில் போடலாம் என்ற வரி வேண்டும்.

விலை மாறினால்? ஸ்டீல் விலை இறங்கி, முன்தேதியிட்டு விலை குறைத்தால், ரேக்கில் இருக்கும் சரக்குக்கு எந்த விலை? அது பழைய விலைக் கம்பியில் செய்தது. அனுப்பிய தேதியின் விலைதான் என்று எழுதுங்கள். இல்லையென்றால் வித்தியாசத்தை நம் பாக்கியில் கழிக்கும் டெபிட் நோட் வந்து நிற்கும்.

லைன் நின்றால்? அபராதத்துக்கு உச்சவரம்பு வேண்டும். இருப்பு மின்னுக்குக் கீழே போனதற்குக் காரணம் அவர்கள் ஷெட்யூலை மீறி எடுத்ததுதான் என்றால் அபராதம் கிடையாது என்றும் இருக்க வேண்டும்.

பணம் எப்போது? நீங்கள் மைக்ரோ அல்லது ஸ்மால் யூனிட் என்றால் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்திருக்க வேண்டும். ஆன்லைனில் இலவசம், ஆதார், பான், ஜி.எஸ்.டி எண்கள் போதும். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, அவற்றில் போய் மாட்டாதீர்கள். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிரெடிட் கொடுக்க முடியாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த வருமான வரி விதியால், அந்தக் கெடுவைத் தாண்டியும் வருடக் கடைசிவரை நமக்குத் தராத தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் காது கொடுக்கிறது.

வி.எம்.ஐ-யில் ஒரு நுணுக்கம்: அந்த 45 நாள் எங்கிருந்து ஆரம்பம்? அவர்கள் பில் தேதியிலிருந்து எண்ணுவார்கள். பில்லே தாமதமாக வருவதால்தான் இரண்டாவது படியில் வார பில் கேட்கச் சொன்னேன். உத்யம் சான்றின் நகலை ஒப்பந்தத்துடன் இணையுங்கள், ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

6. ஜி.எஸ்.டி: சலான், பில், பக்கத்து மாநிலம்

விற்பனை ஆகாமல் அனுப்பும் சரக்கு டெலிவரி சலானில் போகும். மூன்று பிரதி: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்கு, மூன்றாவது நமக்கு. சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் ஈ-வே பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல். எடுத்த பட்டியல் வந்ததும் டாக்ஸ் இன்வாய்ஸ். வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியிருந்தால் அது ஈ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும்.

ஒரு கெடு முக்கியம். பிடித்தால் வாங்கலாம், இல்லையேல் திருப்பி அனுப்பலாம் என்று அனுப்பும் சரக்குக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும். எங்கள் ஆடிட்டர் வி.எம்.ஐ சரக்குக்கும் இந்த விதியைத்தான் பின்பற்றச் சொன்னார். அதனால் ஒவ்வொரு சலானுக்கும் ஐந்தாம் மாத முடிவில் எச்சரிக்கை வரும்படி எக்செல்லில் ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறோம். எந்தச் சலான் சரக்கு எந்தப் பில்லில் போனது என்று எண் எண்ணாகப் பொருத்தி வையுங்கள். ஆடிட்டில் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம், ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். அரை மணி நேரப் பயணம்தானே என்று அங்கே ஒரு தனியார் கிடங்கில் இடம் எடுத்து நம் சரக்கை வைத்து, அங்கிருந்து கம்பெனிக்குக் கொடுப்பதாக இருந்தால், கர்நாடகத்தில் தனி ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். அதே பான், வேறு ஜி.எஸ்.டி எண். ஓசூரிலிருந்து அங்கே அனுப்புவதே சட்டப்படி சப்ளைதான், ஐ.ஜி.எஸ்.டி (மாநிலம் தாண்டும் சப்ளைக்கான வரி) போட்ட பில்லில் போக வேண்டும், சலானில் இல்லை. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. கிடங்கு ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம், அந்த இடத்தின் கரண்ட் பில், கையெழுத்து அதிகாரம் பெற்றவரின் ஆதார், படம் ஆகியவை வேண்டும். ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் 7 வேலை நாளில் வந்துவிடலாம், இடத்தைப் பார்க்க வர வேண்டும் என்று முடிவெடுத்தால் 30 நாள்வரை ஆகும். முதல் லாரி போகும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பிறகு மாதா மாதம் இரண்டு மாநிலத்துக்கும் ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

சரக்கு நேராக வாங்குபவரின் ஸ்டோர்ஸிலேயே, ஆனால் வேறு மாநிலத்தில் இருந்தால் பதிவு வேண்டுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. பேங்க் மேனேஜரைப் பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் சி.சி (கேஷ் கிரெடிட் கடன்) லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பது மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பொறுத்தது. வி.எம்.ஐ சரக்கு நம் யூனிட்டில் இல்லை, அதனால் ஸ்டாக் கணக்கில் வராது என்பார்கள். பில் போடவில்லை, அதனால் வரவேண்டிய பாக்கியிலும் வராது. இரண்டிலும் இல்லாமல் 27 லட்சம் காணாமல் போகும். சம்பளத் தேதியில் செக் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது.

முன்கூட்டியே வாங்குபவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இந்த முகவரியில் இருக்கும் இன்ன சரக்கு இன்ன சப்ளையருடையது, பேங்க் அதிகாரி வந்து பார்க்கலாம். அதை வைத்து அந்த முகவரியையும் ஹைபாதிகேஷனில் (கடனுக்கு ஈடாகக் காட்டும் சரக்கில்) சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது, ஆனால் சேர்த்தார்கள்.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். தீ விபத்து பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்குத்தான் பாதுகாப்பு. பல இடங்களுக்கும் சேர்த்துச் செல்லும் ஃப்ளோட்டர் பாலிசியாக மாற்றி, வாங்குபவரின் ஆலை முகவரியைச் சேருங்கள். அவர்கள் பாலிசியில் மற்றவர் சரக்கும் அடங்குமா என்றும் கேளுங்கள்.

பில் போட்ட பிறகு பணம் சீக்கிரம் வேண்டுமென்றால் ட்ரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன: ஆர்.எக்ஸ்.ஐ.எல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட். வாங்குபவர் அதில் பில்லை ஒப்புக்கொண்டால் போதும், பேங்குகள் ஏலம் கேட்டு வட்டி கழித்துப் பணம் போடும். பிறகு வாங்குபவர் கட்டாவிட்டாலும் நம்மிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

8. முதல் மூன்று மாதம்

எல்லாப் பார்ட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். நன்றாக ஓடும் இரண்டு மூன்று பார்ட்டில் ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்து மற்றதைச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். எப்போதாவது ஓடும் பார்ட்டுகளை வி.எம்.ஐ-யில் சேர்க்கவே வேண்டாம், அவை ஆர்டரிலேயே இருக்கட்டும்.

முதல் மூன்று மாதமும் மாதக் கடைசி எண்ணிக்கைக்கு முதலாளியே போக வேண்டும். எண்ணும் தராசை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், அவர்களுடையது அன்றைக்கு வேறு வேலையில் இருக்கும். பிரித்த பெட்டிகளை மட்டும் எடை போட்டால் போதும், மூடிய பெட்டியில் லேபிளைப் பாருங்கள். லேபிள் தேதியில் பழைய பெட்டி பின்னாலும் புதியது முன்னாலும் இருந்தால் அங்கேயே மாற்றி அடுக்கிவிட்டு வாருங்கள். எண்ணிக்கைத் தாளில் அவர்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் கையெழுத்தும் சீலும் அன்றே, அந்த மேசையிலேயே வாங்குங்கள். "நாளைக்கு ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன் சார்" என்றால், உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே காத்திருங்கள்.